சிப்புக்கும் சிப்புக்கும் இடையே: பேரலல் பஸ் ஏன் பின்வாங்கியது, ஏன் திரும்பி வந்தது

குடியாத்தத்திலிருந்து நாள்தோறும் காட்பாடிக்கு வந்து மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். பல பிட்டுகளைப் பல கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் பேரலல் பஸ் பழைய முறை, வேகம் வேண்டுமென்றால் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல்தான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்; ஆனால் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளில் எச்பிஎம் என்னும் அடுக்கு நினைவகம் 1,024 தரவுக் கம்பிகளோடு இணைக்கப்படுகிறது, இவற்றில் எது சரி என்பது முதல் கேள்வி. இறுதியாண்டுத் திட்டத்தில் 14 பிட் ஏடிசி (அனலாக் சைகையை எண்ணாக மாற்றும் சிப்பு) ஒன்றை எஃப்பிஜிஏவுடன் (உள்ளிருக்கும் சுற்றை நாமே எழுதி அமைத்துக்கொள்ளும் சிப்பு) இணைக்க வேண்டும், அதற்கு 14 கம்பிகள் கொண்ட பேரலல் வெளியீடு உள்ள சிப்பை வாங்குவதா, ஒரு பிட்டுக்கு இரண்டு கம்பிகள் கொண்ட எல்விடிஎஸ் முறையில் சீரியல் வெளியீடு உள்ளதை வாங்குவதா என்பது இரண்டாவது கேள்வி. வீட்டில் தறி இருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். அது இந்தப் பதிலுக்கு மிகவும் உதவுகிறது.

தம்பி, வகுப்பில் சொன்னதும் சரி, நீங்கள் கண்டதும் சரி. வகுப்பில் சொன்னது, சிப்புகளைப் பதிக்கும் பிசிபி போர்டு ஒன்றின் மேல் பத்து, இருபது, முப்பது சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சிப்புகளைப் பற்றியது. நீங்கள் கண்டது, ஒரே உறைக்குள் (பேக்கேஜ்) சில மில்லிமீட்டர் இடைவெளியில் அமர்ந்திருக்கும் சிப்புகளைப் பற்றியது. கம்பிகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் இந்த விஷயம் பிடிபடாது. ஒரு பிட் எவ்வளவு தூரம் போக வேண்டும், அது வந்து சேர்ந்த கணத்தைப் பெறுபவருக்கு யார் அறிவிக்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்டால், இந்தத் துறையில் முப்பது ஆண்டுகளாக நடந்த மாற்றங்கள் எல்லாம் ஓர் ஒழுங்கில் வந்து நிற்கும்.

பழைய முறையிலிருந்து தொடங்குகிறேன். 1992-இல், கணினியில் கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்காக இன்டெல் வெளியிட்ட பிசிஐ பஸ் 32 பிட் அகலமும் 33 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கும் (எல்லாச் சிப்புகளும் ஒரே தாளத்தில் இயங்க ஏறி இறங்கும் சைகை) கொண்டது. நொடிக்கு 133 மெகாபைட் அதன் உச்ச அளவு. அதில் கிளாக் ஓரிடத்தில் பிறந்து எல்லாச் சிப்புகளுக்கும் தனித்தனியே போகும். ஒரு கிளாக் விளிம்பில், அதாவது கிளாக் ஏறும் கணத்தில், அனுப்புபவர் தரவைக் கம்பியில் ஏற்ற, அடுத்த விளிம்பில் பெறுபவர் அதை எடுத்துக்கொள்வார். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே உள்ள காலம் 30 நானோநொடி. இந்த 30 எப்படிச் செலவாகிறது என்பதைப் பிசிஐ விதிகளே பிரித்துச் சொல்கின்றன: அனுப்பும் சிப்பு தரவை வெளியே கொண்டுவர 11, அது கம்பியில் பயணம் செய்து நிலைகொள்ள 10, கிளாக் எல்லோருக்கும் ஒரே கணத்தில் சேராத குறைக்கு 2, பெறுபவர் எடுப்பதற்கு முன் தரவு அசையாமல் நிற்க வேண்டிய செட்டப் நேரம் 7. கூட்டினால் சரியாக 30, ஒரு நானோநொடிகூட மிச்சமில்லை. கிளாக்கை 66 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தியபோது இதே கணக்கு 6, 5, 1, 3 என்று 15 நானோநொடிக்குள் சுருங்கியது. சிப்பின் தாமதத்தை அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம் குறைத்துக் கொடுக்கும். கம்பியில் போகும் காலத்தை யாராலும் குறைக்க முடியாது. வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது; எஃப்ஆர்-4 என்ற வழக்கமான வகைப் போர்டின் கம்பியில் சைகை அதில் ஏறக்குறைய பாதியளவே, அதாவது 15 சென்டிமீட்டர் போகிறது. கம்பியைக் குறுக்கினால்தான் கிளாக் உயரும், ஆனால் கம்பியைக் குறுக்கினால் அட்டைகளைச் செருகும் இடங்கள் குறையும். பிசிஐ பஸ்ஸில் வேகம் கூடக் கூடச் செருகுமிடங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு செருகுமிடமும் கம்பியில் ஒரு கிளையாகி எதிரொலியை உண்டாக்கியது இன்னொன்று.

ஆலைச் சங்கு ஊதும்போது ஆலை வாசலில் நிற்பவருக்கு உடனே கேட்கிறது, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு ஏறத்தாழ 3 நொடி கழித்துக் கேட்கிறது. வேலை மணிக்கணக்கில் நடக்கும்வரை அந்த 3 நொடி யாருக்கும் பொருட்டில்லை. வேலையே 5 நொடிக்கு ஒன்றாக நடக்க வேண்டுமென்றால், அந்தச் சங்கை நம்பி யாரும் வேலை செய்ய முடியாது. பொதுக் கிளாக் கொண்ட பஸ் அந்த இடத்தில்தான் வந்து நின்றது.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான யோசனையும் அதுதான். கிளாக்கைப் பொது இடத்திலிருந்து கொடுக்காமல், தரவை அனுப்பும் சிப்பே தரவோடு சேர்த்து அதே மாதிரியான கம்பியில் அனுப்பிவிட வேண்டும். தரவுக்கு ஆகும் பயணக் காலம் கிளாக்குக்கும் ஆகும். இரண்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சேரும். இருபது சென்டிமீட்டர் போனாலும் முப்பது போனாலும் பயணக் காலம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. கிளாக் ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டிலும் தரவை எடுத்தால் அதே கிளாக்கில் இரு மடங்கு தரவு போகும். உங்கள் கணினியில் உள்ள டிடிஆர் நினைவகம் இந்த வழியில்தான் இயங்குகிறது. அதில் எட்டுத் தரவுக் கம்பிகளுக்கு கிளாக்கின் வேலையைச் செய்யும் ஒரு ஸ்ட்ரோப் சைகை கூடவே வரும்.

சிப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதில் இந்த யோசனையை நன்றாகக் கையாண்டது ஹைப்பர்டிரான்ஸ்போர்ட். ஏஎம்டி முன்னெடுத்து 2001-இல் வெளியான அது, பலர் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தையே விட்டுவிட்டது. இரண்டு சிப்புகளுக்கு மட்டும் சொந்தமான இணைப்பு. போவதற்குத் தனிக் கம்பிகள், வருவதற்குத் தனிக் கம்பிகள். 2 பிட் முதல் 32 பிட் வரை எந்த அகலத்திலும் அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு 8 பிட்டுக்கும் ஒரு கிளாக். முதல் பதிப்பில் 800 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் இரு விளிம்புகளிலும் தரவு போனதால், 16 பிட் இணைப்பு ஒரு திசையில் நொடிக்கு 3.2 ஜிகாபைட் கொண்டுசென்றது. 2003-இல் வந்த ஆப்டெரான் செயலி இத்தகைய இணைப்புகளால்தான் பக்கத்துச் செயலியோடு பேசியது. 2008-இல் வந்த 3.1 பதிப்பில் கிளாக் 3.2 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்தது. அதே ஆண்டு இன்டெல் கொண்டுவந்த க்விக்பாத் இணைப்பும் திசைக்கு 20 தரவு இணைகளும் அவற்றோடு ஓடும் ஒரு கிளாக் இணையுமாக இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சீரியல் வந்ததும் பேரலல் மறைந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாததற்கு இவை சாட்சி.

இனித் தறிக்கு வருகிறேன். பயணக் காலம் கணக்கிலிருந்து விலகிய பின் மிஞ்சுவது, கம்பிக்குக் கம்பி உள்ள வேறுபாடு. இதைத்தான் ஸ்கியூ என்கிறோம். பாவில் ஓர் இழை மட்டும் தொய்ந்திருந்தால் மற்ற எல்லா இழைகளும் சரியாக இருந்தும் துணியில் அந்தக் கோடு தெரிந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான், மிகவும் பிந்தி வரும் பிட்டுக்கும் மிகவும் முந்தி வரும் பிட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே முழு பஸ்ஸின் வேகத்தையும் முடிவு செய்கிறது. எண்ணிப் பாருங்கள். ஹைப்பர்டிரான்ஸ்போர்ட்டின் முதல் பதிப்பில் ஒரு பிட்டுக்குக் கிடைத்த காலம் 625 பிக்கோநொடி. போர்டில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 7 பிக்கோநொடி ஆகிறது. இரண்டு கம்பிகளின் நீளம் ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டால் ஏறக்குறைய 70 பிக்கோநொடி போய்விடும், அதாவது கையிலுள்ள காலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. 3.1 பதிப்பின் நொடிக்கு 6.4 கிகா மாற்றங்கள் என்ற வேகத்தில் ஒரு பிட்டுக்கு 156 பிக்கோநொடிதான். அங்கே அதே ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். கணினியின் போர்டில் நினைவகத்தின் அருகே கம்பிகள் பாம்புபோல் வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நீளத்தைச் சமப்படுத்துவதற்காக வேண்டுமென்றே போட்ட வளைவுகள் அவை.

நீளத்தைச் சமப்படுத்திவிட்டாலும் வேலை முடிவதில்லை. எஃப்ஆர்-4 போர்டு என்பது கண்ணாடி இழையால் நெய்த துணியில் எப்பாக்சிப் பிசினை ஊற்றி இறுக்கியது. ஆம், அதுவும் பாவும் ஊடையும் கொண்ட நெசவுத் துணிதான். கண்ணாடியின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 6, பிசினுக்கு ஏறத்தாழ 3. ஒரு கம்பி தற்செயலாகக் கண்ணாடி இழைக் கற்றையின் மேலேயே நெடுக ஓடினால் அதில் சைகை சற்று மெதுவாகப் போகும். பக்கத்துக் கம்பி இரண்டு கற்றைகளுக்கு இடையே உள்ள பிசினின் மேல் ஓடினால் அதில் சற்று விரைவாகப் போகும். 25 சென்டிமீட்டர் கம்பியில் பயணக் காலம் சுமார் 1,700 பிக்கோநொடி. வேறுபாடு நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால்கூட 34 பிக்கோநொடி வந்துவிடும். நீளம் துல்லியமாகச் சமமாக இருந்தும் இந்த ஸ்கியூ ஒட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு போர்டிலும் வேறு வேறு அளவாகவும் இருக்கும். கம்பிகளை நெசவின் திசைக்குச் சில பாகை சாய்த்து ஓட்டுவதும், கற்றைகளை அகலமாகப் பரப்பி நெருக்கமாக நெய்த கண்ணாடித் துணியைக் கேட்டு வாங்குவதும் இதற்கு வழக்கமான தீர்வுகள். நெசவின் நெருக்கத்தைப் பார்த்துத் துணி வாங்கும் பழக்கம் உள்ள ஊரில் பிறந்தவருக்கு இது எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன்.

ஸ்கியூவோடு வாழ வடிவமைப்பாளர்கள் கண்ட வழிகளில் முக்கியமானது, எல்லாக் கம்பிகளையும் ஒரே கிளாக்கோடு கட்டாமல் எட்டெட்டாகப் பிரிப்பது. எட்டுக் கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிச் சமப்படுத்துவது எளிது. 64 கம்பிகளைச் சமப்படுத்துவது மிகக் கடினம். இன்னொரு வழி, பயிற்சி. டிடிஆர்-3 முதல் கணினி இயங்கத் தொடங்கும்போதே நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி ஒவ்வொரு நினைவகச் சிப்போடும் சோதனைச் சைகைகளைப் பரிமாறி, அந்தச் சிப்புக்கு எவ்வளவு முந்தி அல்லது பிந்தி அனுப்ப வேண்டும் என்று அளந்து வைத்துக்கொள்கிறது. போர்டைச் செதுக்கிச் சரிசெய்ய வேண்டிய வேலையைச் சிப்புக்குள் இருக்கும் தாமதச் சுற்றுகள் ஏற்றுக்கொண்டன.

அகலமான பஸ்ஸுக்கு இன்னொரு நோய் உண்டு. அதைப் பாடப் புத்தகங்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகின்றன, நானோ ஒரு கோடைக்காலம் முழுவதையும் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2000-களின் தொடக்கத்தில், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலை ஒன்றுக்காகத் தோலின் பரப்பளவை அளக்கும் இயந்திரத்தின் மின்னணுப் பகுதியை நான் வடிவமைத்தேன். நகரும் பட்டையின் குறுக்கே வரிசையாக ஒளி உணரிகள்; உணரியின் மேல் தோல் இருந்தால் 1, இல்லையென்றால் 0. எஃப்பிஜிஏ அவற்றைச் சேகரித்து, 32 பிட் அகலமும் 66 மெகாஹெர்ட்ஸ் பொதுக் கிளாக்கும் கொண்ட பஸ்ஸில் செயலிக்கு அனுப்பும். அளவு தெரிந்த செவ்வக அட்டை ஒன்றை ஓட்டிச் சோதிப்போம். காலையில் அளவு சரியாக வரும். அக்னி நட்சத்திர வெயிலில், தகரக் கூரையின் கீழே, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அதே அட்டை சற்றுப் பெரிதாக அளவிடப்படும். தோல் வணிகத்தில் பரப்பளவுதான் பணம். ஆலைக்காரரின் கவலை நியாயமானது.

உணரிகளைச் சந்தேகித்தேன், மின்வழங்கியை மாற்றினேன், மென்பொருளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் பிழையான வரிகளை மட்டும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது: பிழைகள் எல்லாம் அட்டையின் பின்விளிம்பு கடந்த இடத்தில் மட்டுமே இருந்தன. அந்த இடத்தில்தான் முந்தைய சொல் (பஸ்ஸில் ஒரே கணத்தில் போகும் 32 பிட்டுகள்) ஏறக்குறைய முழுவதும் 1, அடுத்த சொல் ஏறக்குறைய முழுவதும் 0. முப்பதுக்கும் மேற்பட்ட வெளியீடுகள் ஒரே கணத்தில் கீழே இறங்கும்போது, அவை எல்லாவற்றின் மின்னோட்டமும் சிப்பின் தரை ஊசிகள் (கிரவுண்ட் பின்கள்) வழியாகவே வெளியேற வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டிலும் 10 மில்லிஆம்பியர் ஒரு நானோநொடியில் மாறுகிறது என்று கொண்டால் 32-க்கும் சேர்த்து 320 மில்லிஆம்பியர். தரைப் பாதையின் மின்தூண்டல் 2 நானோஹென்றி என்றால் அங்கே 0.64 வோல்ட் எழும்பும். சிப்பின் உள்ளே இருக்கும் தரையே மேலே தூக்கப்படுவதால், அசையாமல் 0-வில் நிற்க வேண்டிய கம்பியும் கூடவே எழுந்து ஆடும், இறங்கும் கம்பிகளும் தாமதமாகவே இறங்கி முடிக்கும். காலையில் இந்த ஆட்டம் அடங்கிய பிறகு கிளாக் வந்தது. பிற்பகலில் வெப்பத்தால் சிப்பின் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகி, ஆட்டமே பிந்தித் தொடங்கியதால், அடங்கும் முன்னரே கிளாக் வந்துவிட்டது. பிழை என் வடிவமைப்பில் இருந்தது. 15 நானோநொடிக் கணக்கை அறை வெப்பநிலைக்குப் போட்டுவிட்டு, எல்லாக் கம்பிகளும் ஒன்றாக மாறும் நிலையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் 33 ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்த்து, எஃப்பிஜிஏவின் வெளியீட்டு வலிமையையும் குறைத்தபின் பிழை நின்றது. அடுத்த போர்டில் கிளாக்கைத் தரவோடு சேர்த்தே அனுப்பினேன்.

இந்த நோய்க்குத் துறை கண்ட மருந்துகள் இரண்டு. ஒன்று, பிட்டுகளைத் தலைகீழாக்கி அனுப்புவது. எட்டுக் கம்பிகளில் நான்குக்கு மேல் 0 வரும்போது எட்டையும் புரட்டிவிட்டு, புரட்டியிருக்கிறேன் என்பதை ஒன்பதாவது கம்பியில் சொல்லிவிட வேண்டும். டிடிஆர்-4 இதைச் செய்கிறது. மற்றொன்று, ஒரு பிட்டுக்கு இரண்டு கம்பிகள் கொடுத்து, ஒன்றில் மின்னோட்டம் ஏறும்போது மற்றதில் இறங்கும்படி செய்வது. எல்விடிஎஸ் முறையில் சுமார் 3.5 மில்லிஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், அது சுற்றும் திசை மட்டுமே மாறும். பெறும் முனையிலுள்ள 100 ஓம் முடிவு மின்தடையில் அது 350 மில்லிவோல்ட்டாகத் தெரியும். தரையில் மொத்த மின்னோட்டம் மாறாததால் ஆட்டம் மிகவும் குறைகிறது. ஹைப்பர்டிரான்ஸ்போர்ட்டும் க்விக்பாத்தும் இந்த இணைக்கம்பி வழியில் சென்றவையே. விலை என்னவென்றால், ஊசிகள் இரட்டிப்பாகின்றன.

ஊசிகள் இரட்டிப்பாகும் என்றான பின், ஒவ்வொரு இணையையும் முடிந்தவரை வேகமாக ஓட்டி இணைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே போர்டில் லாபம் என்று கணக்கு திரும்பியது. சீரியல் வென்றது இந்த இடத்தில்தான். இந்த வகை அதிவேகச் சீரியலில் கிளாக்குக்குத் தனிக் கம்பியே கிடையாது. தரவிலுள்ள ஏற்ற இறக்கங்களிலிருந்தே பெறுபவர் கிளாக்கை மீட்டெடுக்கிறார். ஏற்ற இறக்கம் இல்லாமல் நீண்ட நேரம் போகக் கூடாது என்பதற்காக 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பினார்கள். 2003-இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒரு பாதையில் நொடிக்கு 2.5 கிகாபிட் என்று தொடங்கியது. 16 பாதைகள் உள்ள இணைப்பும் பார்வைக்குப் பேரலல் போலவே இருக்கும், ஆனால் ஒவ்வொரு பாதையும் தன் கிளாக்கைத் தானே மீட்டுக்கொள்வதால், ஒரு பாதை மற்றதைவிடப் பல பிட் காலம் பிந்தி வந்தாலும் பெறுமிடத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஸ்கியூ என்ற தளையே இல்லாமல் போய்விட்டது. இதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு பாதைக்கும் கிளாக் மீட்கும் சுற்று, மங்கிப்போன சைகையைத் திருத்தும் சுற்று, அவற்றின் மின்செலவு, பிட்டுகளைப் பிரித்துச் சேர்ப்பதில் ஆகும் தாமதம். அட்டைகளையும் வட்டுகளையும் இணைக்க அந்தத் தாமதம் பொருட்டல்ல. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே அது பொருட்டு, ஆகவேதான் டிடிஆர் நினைவகம் இன்றுவரை பேரலலாகவே நிற்கிறது.

எச்பிஎம்முக்கு இப்போது வரலாம். 2013-இல், நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வெளியிட்ட முதல் வரையறையிலேயே அடுக்குக்கு 1,024 தரவுக் கம்பிகள். கம்பிக்கு நொடிக்கு 1 கிகாபிட் என்று 128 ஜிகாபைட். 2022 ஜனவரியில் வந்த எச்பிஎம்-3-இல் கம்பிக்கு 6.4 கிகாபிட் என்று 819 ஜிகாபைட். இந்த 6.4 என்ற எண்ணைக் கவனியுங்கள். சாதாரணக் கணினியில் செருகும் டிடிஆர்-5-6400 நினைவக அட்டையிலும் கம்பிக்கு அதே 6.4 கிகாபிட்தான், 64 கம்பிகள் என்பதால் 51.2 ஜிகாபைட் கிடைக்கிறது. கம்பியின் வேகம் ஒன்றே, அகலம் மட்டும் 16 மடங்கு. அப்படியானால் போர்டிலும் 1,024 கம்பிகள் போட்டுவிடலாமே என்று தோன்றும். போர்டில் சிப்பை அமர்த்தும் ஈய உருண்டைகள் பெரும்பாலும் 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றோ ஒன்றரையோதான் கிடைக்கும். எச்பிஎம்மின் அடியில் இணைப்புக்காக இருக்கும் நுண்புடைப்புகள் சுமார் 55 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, அதே சதுர மில்லிமீட்டரில் முந்நூறுக்கும் மேல் வைக்கலாம். அவற்றை இணைக்கும் மெல்லிய கம்பிகளை எஃப்ஆர்-4-இல் வரைய முடியாது. அதனால் இரண்டு சிப்புகளுக்கும் கீழே ஒரு சிலிக்கான் பலகையை வைத்து அதன்மேல் வரைகிறார்கள். சிலிக்கான் பலகையில் நெசவுத் துணி இல்லை; சிப்பு செய்யும் அதே ஒளி அச்சு (லித்தோகிராஃபி) முறையில் கம்பிகள் வரையப்படுவதால் அவை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக ஒத்திருக்கும்.

தூரம் சில மில்லிமீட்டராகச் சுருங்கியதும் மேலே சொன்ன தொல்லைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கின்றன. நீள வேறுபாடு மில்லிமீட்டரின் பகுதிகளில்தான் இருக்க முடியும். எதிரொலி திரும்பி வந்து தொல்லை தருவதற்குக் கம்பியே மிகக் குட்டையானது, முடிவு மின்தடை இல்லாமலே ஓட்டலாம். கம்பி குட்டையானால் அதன் கொண்மம் சிறியது. அதை நிரப்பவும் காலி செய்யவும் ஆகும் ஆற்றலும் சிறியது. சீரியலுக்கு வேண்டிய கிளாக் மீட்பும் திருத்தலும் இங்கே வீண் செலவு. செயற்கை நுண்ணறிவுச் சிப்பு ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் ஜிகாபைட்டை நகர்த்தும்போது, ஒரு பிட்டுக்கு ஒரு பிக்கோஜூல் மிச்சமானால்கூட அது பத்து வாட் கணக்கில் வந்து நிற்கும். நினைவகத்துக்கு மட்டுமல்லாமல், பெரிய சிப்பைச் சிறு சிப்புகளாகப் பிரித்துச் செய்து ஒரே உறைக்குள் சேர்க்கும் முறைக்கும் இதே வழிதான் பொருந்துகிறது. அதற்கென 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட யுசிஐஇ வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண உறையில் ஒரு தொகுதிக்குத் திசைக்கு 16 கம்பிகள், 25 மில்லிமீட்டர் வரை. மேம்பட்ட உறையில் 64 கம்பிகள், 2 மில்லிமீட்டர் வரை. அந்த முதல் பதிப்பில் கம்பிக்கு நொடிக்கு 32 கிகா மாற்றங்கள் வரை. தரவோடு சேர்ந்து கிளாக்கும் ஓடுகிறது. 2001-இல் போர்டின் மேல் நடந்ததே மில்லிமீட்டர் அளவில் மீண்டும் நடக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தனை நுண்ணிய புடைப்புகளை ஒட்டும்போது ஒன்றிரண்டு ஒட்டாமல் போகலாம். தறியில் இழை அறுந்தால் நிறுத்திப் பிணைத்துவிட்டு மேலே நெய்கிறீர்கள்; மூடிய உறைக்குள் கை போகாது. அதனால் யுசிஐஇயின் மேம்பட்ட உறை வடிவத்தில் உதிரிக் கம்பிகளை முன்கூட்டியே சேர்த்துவைக்கிறார்கள். பயிற்சியின்போது பழுதான கம்பி தெரிந்தால், அதன் பிட்டைப் பக்கத்துக் கம்பிக்கும், அதனுடையதை அடுத்ததற்கும் நகர்த்தி உதிரிக் கம்பியில் முடித்துவிடுகிறார்கள். எச்பிஎம்மிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதே கணக்குதான். ஏடிசி நொடிக்கு 6.5 கோடி மாதிரிகள் எடுக்கும் வகை என்று எழுதியிருந்தீர்கள். பேரலல் வெளியீட்டில் ஒரு மாதிரிக்கு 15.4 நானோநொடி கிடைக்கும். இரண்டு கம்பிகள் ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டால் போவது 70 பிக்கோநொடி, அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். சீரியல் வெளியீட்டில் 14 பிட்டும் ஒரே இணையில் போவதால் நொடிக்கு 910 மெகாபிட், பிட்டுக்கு 1.1 நானோநொடி, 100 ஓம் இணைக்கம்பியைச் சரியாக வரைய வேண்டும், எஃப்பிஜிஏவுக்குள் பிட்டுகளைப் பிரித்துச் சேர்க்கும் சுற்றையும், சொல்லின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் சுற்றையும் எழுத வேண்டும். ஒரே ஒரு ஏடிசி, இரண்டடுக்குப் போர்டு, முதல் முயற்சி என்றால் பேரலலையே வாங்குங்கள். எட்டு ஏடிசிகள் என்றால் 112 கம்பிகளாகிவிடும், அப்போது சீரியலைத் தவிர வேறு வழி இல்லை.

பேரலலை வாங்கும்போது மூன்றைத் தவறவிடாதீர்கள். ஏடிசி தானே வெளியிடும் தரவுக் கிளாக் உள்ள சிப்பாகப் பார்த்து வாங்கி, எஃப்பிஜிஏவில் அந்தக் கிளாக்கால் மட்டுமே தரவை எடுங்கள். போர்டின் பொதுக் கிளாக்கால் எடுக்காதீர்கள். எஃப்பிஜிஏவை ஏடிசிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குள் வையுங்கள். 14 கம்பிகளிலும் ஏடிசியின் ஊசிக்கு அருகிலேயே 33 முதல் 100 ஓம் வரையிலான தொடர் மின்தடைகளைப் போடுங்கள். என் தோல் இயந்திரத்தில் செயலி தவறாகப் படித்ததோடு போயிற்று, ஏடிசியிலோ தரை ஆட்டம் அனலாக் பக்கத்துக்கே திரும்பிச் சென்று நீங்கள் அளக்க வந்த சைகையையே கெடுக்கும்.

போர்டு வருவதற்கு முன் கையிலுள்ள எஃப்பிஜிஏ பலகையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 15 வெளியீடுகளை ஒன்றாக ஏறி இறங்கச் செய்து, பதினாறாவதை எப்போதும் 0-வில் நிறுத்தி, ஆசிலோஸ்கோப்பின் முனையை அதில் வையுங்கள். தரைக்கு நீண்ட கம்பியைப் பயன்படுத்தாமல் முனையோடு வரும் குட்டைச் சுருளையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அந்தக் கம்பியின் மின்தூண்டலையே அளந்துகொண்டிருப்பீர்கள். முதலில் வெளியீட்டு வலிமையை உச்சத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு மிகக் குறைவாக வைத்துப் பாருங்கள். அசையக் கூடாத கம்பி எவ்வளவு எழும்புகிறது என்பதை இரண்டு முறையும் குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள். மின்தடையை 33-ஆக வைப்பதா 100-ஆக வைப்பதா என்பதை அந்த அளவைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்யலாம்.